புனிதக் கோளுக்கு நான்கெல்லை

"அங்க அர்த்தசாமம் எத்தனை மணிக்கு, ரைட்டரே?"

திருப்பாதிரிப்புலியூர் சன்னதித் தெருவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குருக்கள் கேட்ட கேள்வி இது. மடியில் என் கதையின் முதல் நாற்பது பக்கம், ஸ்பைரல் போட்டது. பக்க ஓரமெல்லாம் பென்சில் குறி. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி நாற்பது பக்கத்தையும் பரண்மேல் போட்டேன்.

நான் பத்திர எழுத்தர். கடலூரில் சார்பதிவாளர் ஆபீஸ் பக்கம் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். எங்கள் தொழிலில் இருப்பவனை எல்லோரும் 'ரைட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் நான் கதை எழுத ஆரம்பித்தபோது யாரும் பட்டத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பகலில் கிரயப் பத்திரம், ராத்திரியில் விண்வெளிக் கதை. பல உலகங்கள், பல குலங்கள், அவர்களுக்குள் பரம்பரைச் சண்டை, நடுவில் எல்லோரும் கும்பிடும் ஒரு புனிதக் கோள். அந்த ஒரு கோளை உருப்படியாகச் செய்ய எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. எங்கெங்கே சறுக்கினேன் என்று எழுதி வைத்தால் இதே கிறுக்கு பிடித்த இன்னொருவருக்கு ஆகும்.

ஆசை வந்த இடத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 2016-ல் வந்த 'ரோக் ஒன்' என்ற ஸ்டார் வார்ஸ் படத்தில் ஜெதா என்று ஓர் இடம் வரும். கோள் இல்லை, நிலவு. பாலைவனத்தில் ஒரு புனித நகரம், கூட்டம் கூட்டமாக யாத்ரீகர்கள். மண்ணுக்கடியில் கைபர் படிகம் கிடைக்கும். கோயிலார் அதைப் பூஜிக்கிறார்கள், பேரரசு அதைத் தோண்டி ஆயுதத்துக்கு எடுத்துப்போகிறது. கடைசியில் அந்த ஆயுதத்தைச் சோதித்துப் பார்ப்பதே அந்த நகரத்தின் மேல்தான். படம் முடிந்தும் எனக்கு அந்த நெரிசலான சந்துதான் கண்ணில் நின்றது. எங்கள் தேரடியும் அப்படித்தான் இருக்கும். உடனே நாமும் ஒன்று செய்துவிடலாம் என்று தோன்றிவிட்டது.

செய்த முதல் தப்பு, செய்தித்தாள் அறிவியலை அப்படியே நம்பியது. பிராக்சிமா செண்டாரி என்ற சிவப்புக் குள்ள விண்மீனைச் சுற்றி ஒரு கோள் இருப்பதாக அதே 2016-ல்தான் அறிவித்தார்கள். என் கோளையும் அந்த மாதிரி விண்மீனுக்குக் கட்டிவிட்டேன். குள்ள விண்மீனுக்குச் சூடு குறைவு. தண்ணீர் உறையாமல் இருக்க வேண்டுமென்றால் கோள் அடுப்பை ஒட்டி உட்கார்ந்த பூனை மாதிரி கிட்டே போக வேண்டும். கிட்டே போனால் சுற்று சின்னது, வருஷம் குட்டை. பிராக்சிமாவின் அந்தக் கோளுக்கு ஒரு வருஷம் என்பது நம் கணக்கில் 11.2 நாள். அவ்வளவு கிட்டத்தில் இருக்கும் கோள் பெரும்பாலும் ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டியபடி பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் ஓயாத பகல், மறுபக்கம் விடியாத இரவு. 'அங்கே சூரியன் மறைவதே இல்லை' என்று ஒரு முழுப் பக்கம் உருகி உருகி எழுதியிருந்தேன்.

குருக்கள் அந்தப் பக்கத்தில்தான் பென்சிலை வைத்திருந்தார்.

"சூரியன் நகரலைன்னா காலசந்தி ஏது, சாயரட்சை ஏது? சரி, அத விடும். வருஷமே பதினோரு நாள்ங்கறீர். பிரம்மோற்சவம் பத்து நாளாச்சே. கொடி இறக்கின மறுநாளே திரும்ப ஏத்தணும். தேரைத் துடைக்கறது எப்ப, வடம் சுத்தி வைக்கறது எப்ப? உபயதாரர் ஊரை விட்டே ஓடிடுவார்."

பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் மனுஷன் என் கோளை மூன்றே வாக்கியத்தில் வில்லங்கம் பார்த்துவிட்டார். விண்வெளிக் கதை படிக்கிற நண்பர்கள் ஆறு பேர் அதே பக்கத்தைப் படித்து 'சூப்பர்' என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே எழுதுகிறவருக்குச் சொல்கிறேன்: கோயில் வரும் கதையை, விண்வெளி தெரியாத, கோயில் தெரிந்த ஒருவரிடம் முதலில் கொடுங்கள். அவர் நட்சத்திரத்தை விட்டுவிட்டு மடப்பள்ளிக்குள் போய்விடுவார்.

அடுத்து, என் மனைவியின் தம்பி. புதுச்சேரியில் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறான். ஒரு பௌர்ணமிச் சாயங்காலம் பீச் ரோட்டுக்குக் கூட்டிப்போனான். காந்தி சிலை. கடலிலிருந்து நிலா அப்போதுதான் மேலே வந்திருந்தது.

"மாமா, கோளை விடுங்க. ஒரு பெரிய வாயுக் கோள், வியாழன் மாதிரி. அதைச் சுத்தற நிலாவை உங்க புனித இடமா வைங்க. அதுவும் பூட்டிக்கும், ஆனா சூரியனோட இல்ல, பெரிய கோளோட. அதுல ராவும் பகலும் உண்டு."

"எப்படிடா?"

"இந்தக் காந்தி பெரிய கோள். நீங்க நிலா. அதோ கடல்ல இருக்கறதைச் சூரியன்னு வைங்க. காந்தியைப் பார்த்தபடியே ஒரு சுத்து வாங்க."

சுற்றினேன். ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வெளியூர்க் குடும்பம் என்னையே பார்த்தது. முகத்தைச் சிலையிலிருந்து திருப்பாமல் பக்கவாட்டில் அடி வைத்தேன். கடல் பக்கம் நின்றபோது நிலா முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நடுராத்திரி. இன்னும் கொஞ்சம் நகர, வலது கண்ணோரத்தில் வெளிச்சம் வந்தது: உதயம். ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்தபோது நிலா நேர் எதிரே வந்திருக்க வேண்டும். வரவில்லை. காந்தி மறைத்துக்கொண்டு நின்றார்.

"உச்சிப்பொழுதுல கிரகணம்" என்றான் மச்சான். "தினமும்."

பிரதட்சணம் வந்து கற்றுக்கொண்ட ஒரே இயற்பியல் பாடம் எனக்கு அதுதான்.

வியாழனின் அயோ நிலவு ஒரு சுற்று வர சுமார் 42 மணி நேரம் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலுக்குள் நுழைந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்துவிட்டு வரும். அங்கிருந்து பார்த்தால் வியாழன் வானத்தில் ஏறக்குறைய 20 பாகை அகலம். நம் முழுநிலவுக்கு அரைப் பாகைதான், ஆக நாற்பது நிலாவை வரிசையாக அடுக்கின அகலம். அயோ முழுக்க எரிமலை, மனுஷன் கால் வைக்க முடியாது. வியாழன் ஒரு பக்கமும் மற்ற நிலவுகள் மறுபக்கமும் இழுத்துப் பிசைவதால் உள்ளே அப்படிச் சூடேறுகிறது. நான் அந்தச் சூட்டைக் கொஞ்சம் குறைத்து வெந்நீர்ச் சுனைகளாக்கிக்கொண்டேன்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று அகப்பட்டது. பூட்டிக்கொண்ட நிலவில் பெரிய கோள் உதிக்காது, மறையாது. நீங்கள் நிற்கிற இடத்துக்கு அது எங்கே தெரிகிறதோ, காலத்துக்கும் அங்கேயேதான் தொங்கும். பின்பக்கத்தில் பிறந்தவர் அதைப் பார்க்காமலே செத்துப்போகலாம். பார்க்க வேண்டுமென்றால் நடக்க வேண்டும். நடக்க நடக்கத் தொடுவானத்தில் ஒரு விளிம்பு எட்டிப் பார்க்கும். ராத்திரி படுத்து எழுந்தால் அதே இடத்தில் இருக்கும், ஒரு நூல்கூட ஏறியிருக்காது. எழுந்து நடந்தால்தான் ஏறும்.

இதைக் கேட்டதும் பீச்சிலேயே செல்போனில் கணக்குப் போட்டேன். நிலவின் விட்டம் பூமியில் பாதி என்று வைத்தால், தரையில் ஒரு பாகைக்கு 55 கிலோமீட்டரும் சொச்சமும். விளிம்பு தெரிவதிலிருந்து முழு வட்டமும் தரையை விட்டுப் பிரிகிற வரை 20 பாகை, அதாவது 1,110 கிலோமீட்டர் சுமார். ஒரு நாளைக்கு 23 கிலோமீட்டர் நடந்தால் 48 நாள். ஒரு மண்டலம்! நான் எதையும் வளைத்துப் பொருத்தவில்லை, கணக்கே அப்படி வந்து விழுந்தது. மச்சான்தான் உடனே குழப்பினான், "எந்த நாள் மாமா? அவங்க ஒரு நாள் 42 மணி நேரமாச்சே." தூங்கி எழுந்தால் ஒரு நாள் என்று முடிவு கட்டினேன். பாதயாத்திரை போகிறவனுக்கு வேறு நாள் கணக்கு எதற்கு?

பெயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் வைத்த பெயர் 'ஜோதிர்மண்டலா'. என் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். "சோப்புப் பேரு மாதிரி இருக்குப்பா" என்றாள். எங்கள் ஊரில் கரையேறவிட்ட குப்பம் என்று ஓர் இடம் உண்டு. கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் அந்தக் கல்லே தெப்பமாகி இங்கே வந்து கரையேறினார் என்பது கதை. அந்த ஊர்ப்பெயரைக் கவனியுங்கள். புனிதம், தெய்வம், ஜோதி என்று ஒரு சொல்லும் இல்லை. நடந்தது மட்டும் இருக்கிறது. என் நிலவுக்கும் 'கரை' என்றே வைத்துவிட்டேன். "கரைக்குப் போயிருக்கார், வர ஆறு மாசமாகும்" என்று கதையில் ஒருத்தி சாதாரணமாகச் சொல்லும்போதுதான் எனக்கே அந்த இடம் இருக்கிறது என்ற நம்பிக்கை வந்தது.

அடுத்த சிக்கல் மர்மம். புனிதக் கோள் என்றால் கருவறையில் ஏதாவது இருக்க வேண்டுமே. முதல் பிரதியில் ஒரு நீலப் படிகம் வைத்திருந்தேன் (ஜெதாவின் கடன், மறைக்கவில்லை). பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கதாநாயகன் அதைக் கண்டுபிடிப்பான், அது பேசும். பேசினதோடு கதை செத்தது. நான் அதற்கு என்ன வசனம் எழுதினாலும் எங்கள் தெரு ஜோசியர் சொல்வது போலவே இருந்தது.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு வடலூர் போனேன். சின்ன வயசிலிருந்து போகிறதுதான், ஆனால் இம்முறை திருட்டுக் கண்ணோடு போனேன். வள்ளலார் 1872-ல் கட்டிய எண்கோணச் சபை, சுற்றிலும் பெருவெளி, தலை தலையாக ஜனம். உள்ளே ஏழு திரைகள்: கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கடைசியாகக் கலப்பு. ஒவ்வொன்றாக விலகும். என் முன்னால் நின்றவர் தோளில் ஒரு குழந்தை. அதன் கொலுசு என் மூக்குக் கண்ணாடியில் இடித்துக்கொண்டே இருந்தது. நான் கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் ஜோதி தெரிந்து மறுபடி மூடியாகிவிட்டது. "பாத்தீங்களா?" என்று பக்கத்து அம்மா கேட்டார். "பாத்தேம்மா" என்றேன். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை.

வீட்டுக்கு வந்து படிகத்தைத் தூக்கி எறிந்தேன். சிதம்பரத்திலும் அப்படித்தானே? திரையை விலக்கினால் தங்க வில்வ மாலை தொங்கும், பின்னால் வெட்டவெளி. ஆகாயத் தலம். ஆகாயத்தையே கும்பிடுகிற ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் விண்வெளிக் கதைக்குக் கண்ணாடிக் கல் தேடியிருக்கிறேன். இப்போது கரையில் கருவறையே கிடையாது. 48 நாள் நடந்தவர்கள் வெட்டவெளியில் நிற்கிறார்கள். பொழுது சாய்கிற நேரத்தில், மேற்கே தாழ நிற்கும் பெருங்கோள் சூரியனை மறைக்கிறது, அதன் விளிம்பைச் சுற்றிச் செம்பு நிறத்தில் ஒரு வளையம், பொழுது அடையும் முன்பே நட்சத்திரம். அவ்வளவுதான் தரிசனம். "தினம் சாயரட்சையில கிரகணம்னா தினம் நடை சாத்தணுமே" என்று குருக்கள் ஆரம்பித்தார். "சாத்தறதுக்குக் கதவே இல்ல சாமி" என்றேன். முதல்முறையாக அவர் வாய் மூடிக்கொண்டது.

வடலூரில் எடுத்துக்கொண்ட இன்னொன்று அடுப்பு. 1867-ல் தருமசாலையில் மூட்டியது, இன்றும் அணையாமல் சோறு போடுகிறது. புனித இடம் என்று எழுதுகிறவர்கள் தூண், சிலை, சோதிடம் எல்லாம் எழுதுகிறோம். வந்தவன் எங்கே சாப்பிடுவான், எங்கே ஒதுங்குவான், குழந்தை காணாமல் போனால் யார் மைக்கில் கூப்பிடுவார்கள் என்று எழுதுவதில்லை. என் பிரதியில் கோயிலை விவரித்த ஆறு பக்கத்தை ஒன்றரைப் பக்கமாக்கி, மிச்சத்தைப் பந்திக்குக் கொடுத்தேன். விரோதக் குலங்கள் இரண்டும் முதல்முறை ஒருவரையொருவர் பார்ப்பது இப்போது யுத்தகளத்தில் இல்லை, பந்தியில் அடுத்தடுத்த இலையில். அந்த அத்தியாயத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

என் சொந்தத் தொழில் கைகொடுத்த இடம் ஒன்று இருக்கிறது. கரை யாருக்குச் சொந்தம்? கதையின் சண்டையே அதுதான். பேரவைத் தலைவர்கள் பிரசங்கம் செய்வதாக எழுதினேன், நாடகம் மாதிரி இருந்தது. அப்போது எங்கள் கடலூரின் தேவனாம்பட்டினம் ஞாபகம் வந்தது. 1690-ல் ஆங்கிலேயர் அங்கிருந்த கோட்டையை மராட்டியரிடம் கிரயம் வாங்கினார்கள். கோட்டையோடு சுற்று நிலமும் சேர்த்தி. எது வரை? பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை. சுட்டுப் பார்த்து எல்லை வைத்தார்கள். அதற்குள் அடங்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. முப்பது வருஷம் பத்திரம் எழுதியவன் சொல்கிறேன், இதைவிட அயோக்கியமான நான்கெல்லை நான் கண்டதில்லை. இதைவிடக் கதைக்கு ஏற்றதும் கண்டதில்லை.

பிரசங்கத்தை அடித்துவிட்டு ஒரு பத்திரம் எழுதினேன். அதிலிருந்து கொஞ்சம்:

"சொத்து விவரமாவது: கரை என்று வழங்கும் துணைக்கோளில், பெருங்கோளின் மேல் விளிம்பு முதன்முதல் கண்ணில் படும் கோட்டுக்கு மேற்கு, முழு வட்டமும் தொடுவானை விட்டுப் பிரியும் கோட்டுக்குக் கிழக்கு, வெந்நீர்ச் சுனைகளுக்குத் தெற்கு, கப்பல் இறங்குதுறை மதிலுக்கு வடக்கு, இந்நான்கெல்லைக்குள்பட்ட நிலமும், அதில் நடந்துபோக வர உள்ள வழிநடைப் பாத்தியமும், நின்று பார்க்கும் பாத்தியமும் சேர்த்து. நிழல் மட்டும் யாருக்கும் பாத்தியமில்லை."

இருநூறு வருஷம் கழித்து இரண்டு குலமும் சண்டை போடுவது இந்தக் கடைசி வரிக்குத்தான். உங்கள் தொழில் எதுவோ, அதன் பாஷையை ஓர் இடத்திலாவது அந்த உலகத்துக்குள் விடுங்கள். லேத் பட்டறைக்காரர் என்றால் கப்பல் ரிப்பேர் பில், நர்ஸ் என்றால் யாத்ரீகர் முகாமின் நோயாளிச் சீட்டு.

ஒரே மதம், ஒரே தலைமைப் பூசாரி என்று வைத்ததையும் கலைக்க வேண்டியிருந்தது. மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் போய்ப் பாருங்கள். பௌர்ணமியும் மக நட்சத்திரமும் கூடும் நாள். பல ஊர்ச் சாமிகள் தத்தம் பல்லக்கிலும் டிராக்டரிலும் ஒரே கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். யார் முன்னே, யார் பின்னே, எந்த நாதஸ்வரம் எதை அமுக்குகிறது என்று ஒரே சத்தம். கடல் எல்லோருக்கும் பொது, வரிசைதான் தகராறு. கரையிலும் இப்போது பதினேழு உலகத்துச் சாமிகள் வருகின்றன. முதல் மரியாதைக்கு ஒரு வழக்கு நடக்கிறது, மூன்று தலைமுறையாக.

இதெல்லாம் சேர்ந்த பிரதியை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், 'நீளம் அதிகம்' என்று திரும்பி வந்தது. நீளம்தான். 48 நாள் நடக்க வேண்டுமே.

கடைசியாக மாட்டிக்கொண்டது, ஊர் திரும்புகிறவர்கள். போனவர்கள் கையோடு எதைக் கொண்டுவருவார்கள்? அம்மாவிடம் கேட்டேன். "பிடிமண்ணுதான், வேறென்ன?" என்றாள். பிழைக்கப் போன இடத்தில் குலசாமிக்குக் கோயில் வைக்க வேண்டுமென்றால் பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண். ஆரோவில் தொடக்க நாளில், 1968 பிப்ரவரி 28-ல், 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் போட்டார்கள். அது எல்லா ஊர் மண்ணும் ஓரிடத்துக்கு வந்தது, இது ஓரிடத்து மண் எல்லா ஊருக்கும் போவது. என் கதையில் இறங்குதுறைச் சுகாதாரக் காவலர் பிடிமண்ணைப் பிடுங்கிக் கிருமிச் சோதனைக்கு அனுப்புகிறார். ஒரு கிழவி ஒரு சிட்டிகையை நகக்கண்ணில் ஒளித்துக் கொண்டுபோகிறாள்.

போன வாரம் குருக்களிடம் புதுப் பிரதியைக் கொடுத்தேன். நேற்று திருப்பிக் கொடுத்தார். பென்சில் குறி ரொம்பக் குறைவு. எனக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு. கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். இறங்குதுறையில் யாத்ரீகர்கள் காற்றுக் கவசத்தோடு கப்பலை விட்டு இறங்கும் வரியின் கீழே கோடு.

"செருப்ப எங்க விடறா?"

கவசத்தில் பூட்ஸ் உடம்போடு சேர்ந்தது சாமி, கழற்ற முடியாது என்றேன். டீயை உறிஞ்சிவிட்டு, "அப்ப 48 நாளும் செருப்போடயா நடக்கறா?" என்றார்.

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.